வால் இல்லாத வினை

சட்டமன்றத்தின் நடுவில், அவைத்தலைவர் மேடைக்குக் கீழே, ஒரு சின்ன மேஜை உண்டு. வலப்பக்கம் ஆளுங்கட்சி, இடப்பக்கம் எதிர்க்கட்சி. நடுவில் கிடக்கும் அந்த மேஜை மட்டும் எந்தக் கட்சியிலும் சேர்த்தி இல்லை. அதில் ஐந்து நிமிடத்துக்கு ஒருவராக வந்து உட்கார்ந்து, அங்கே பேசப்படுவதை எல்லாம் சுருக்கெழுத்தில் இறக்கிக்கொண்டு, அடுத்தவர் வந்ததும் எழுந்துபோய் அதைத் தட்டச்சு செய்து கொடுப்பவர்கள் ஆறு பேர். அந்த ஆறு பேரில் மூத்தவள்தான் நம் கதையின் நாயகி. முப்பத்தோரு வருடங்களாக அந்த மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறாள். யார் கத்தினாலும் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். ஒருமுறை ஒரு உறுப்பினர் கோபத்தில் வீசிய காகிதக் கட்டு அவள் தோளில் வந்து விழுந்தபோது, அதை இடது கையால் தள்ளிவிட்டு வலது கையால் எழுதிக்கொண்டே இருந்தாள் என்று அலுவலகத்தில் இன்றும் சொல்வார்கள்.

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் வால் அக்கா. வாலுத்தனம் செய்கிறவள் என்று அர்த்தம் இல்லை. புதிதாக வேலைக்கு வருகிற யார் தட்டச்சு செய்த தாளைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அவள் கேட்கிற முதல் கேள்வி, "வாலைப் பாத்தியா?"

தமிழில் வினைச்சொல்லுக்கு வால் உண்டு. வந்தேன், வந்தோம், வந்தார்கள். வந்தது யார் என்பதை அந்த வால்தான் சொல்லும். 'நான்' என்றும் 'நாங்கள்' என்றும் தனியாகச் சொல்லாவிட்டால்கூடக் குடி முழுகிவிடாது, வால் காட்டிக்கொடுத்துவிடும். சுருக்கெழுத்தில் அந்த வால் ஒரு சின்னக் கொக்கி, அவ்வளவுதான். உள்பக்கம் வளைந்தால் 'ஏன்', வெளிப்பக்கம் வளைந்தால் 'ஓம்'. வேகத்தில் எழுதும்போது கொக்கி எந்தப் பக்கம் வளைந்தது என்பதில்தான் கற்றுக்குட்டிகள் எல்லோரும் கவிழ்வார்கள். எதிர்க்கிறோம் என்று ஒருவர் சொன்னதை எதிர்க்கிறேன் என்று அடித்துவைத்தால், ஒரு கட்சியின் பேச்சு ஒரு மனிதனின் பேச்சாகிவிடும். வேறு எந்த வேலையிலும் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியாது.

வால் அக்காவுக்குத் தன் காதிலும் கையிலும் அசாத்திய நம்பிக்கை. தலைக்கனம் என்று சொல்கிறவர்களும் இருந்தார்கள். அவர்கள் சொன்னதும் பொய் இல்லை. நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு தட்டச்சு செய்வது மற்றவர்கள் பழக்கம். அவள் நோட்டை மூடி வைத்துவிட்டு அடிப்பாள். ஐந்து நிமிடப் பேச்சு அப்படியே தலைக்குள் நிற்கும் என்பாள். அடித்து முடித்ததும் தலை காலியாகிவிடும், மறுநாள் கேட்டால் ஒரு வரி நினைவிருக்காது. அதையும் பெருமையாகத்தான் சொல்வாள்.

இத்தனை வருடம் பேச்சாளர்களைக் கேட்டதில் அவளுக்குச் சொந்தமாக ஒரு அளவுகோல் உண்டாகியிருந்தது. செய்யப்போகிறவன் வால் வைத்துப் பேசுவான்; செய்ய மாட்டேன் என்பவனும் வால் வைத்துத்தான் சொல்வான். மதில்மேல் பூனைகள் மட்டும் வால் இல்லாத வினையைத் தேடிப் பிடிக்கும். 'ஆவன செய்யப்படும்'. யாரால்? 'இது கூடாது'. யார் தடுப்பார்? 'பார்க்கலாம்'. யார் பார்ப்பது? பூனைக்குத்தான் வால் இருக்கிறதே என்று கேட்காதீர்கள், இந்தப் பூனைகளுக்குக் கிடையாது.

அந்த வகையில் அவள் அதிகம் கவனித்தவர் அவளுடைய சொந்தத் தொகுதியின் உறுப்பினர். ஆளுங்கட்சிக்காரர். ஆனால் ஊரில் அவருக்குப் பெயர் 'மனசாட்சி'. ஐந்து வருடங்களுக்கு முன்னால் போக்குவரத்துக் கழகம் பஸ் கட்டணத்தை உயர்த்தக் கேட்டபோது, தன் கட்சியையே எதிர்த்து மன்றத்தில் பேசிய ஒரே ஆள் என்று அச்சான நடவடிக்கைக் குறிப்பைக் காட்டிப் பத்திரிகைகள் அவரைத் தூக்கி வைத்துக்கொண்டன. பட்டம் அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டது. கட்சி ஒன்று சொன்னால் இவர் தன் மனசில் பட்டதைச் சொல்வார், கட்சி வேறு இவர் வேறு என்று டீக்கடை முதல் சலூன் வரை ஒரே பேச்சு.

வால் அக்கா உதட்டைச் சுழிப்பாள். அவர் பேச்சு அவளுக்கு அத்துப்படி. 'என் மனம் இதை ஏற்கவில்லை.' 'என் உள்ளம் வலிக்கிறது.' நல்ல குரல், கேட்டால் நமக்கே வலிக்கும். ஆனால் மனமும் உள்ளமும் அஃறிணை. அஃறிணைக்கு மன்றத்தில் ஓட்டு கிடையாது. ஓட்டு கையால் போடுவது. கை தூக்குங்கள் என்று அவைத்தலைவர் சொன்னதும் அந்தக் கை ஏழு வருடமாக ஒருமுறைகூடத் தப்பாமல் கட்சியோடு எழுந்ததை, எழுதுவதற்கு ஒன்றும் இல்லாத அந்த நேரத்தில் மட்டும் நிமிர்ந்து, நடு மேஜையிலிருந்து அவள் பார்த்திருக்கிறாள். அச்சிட்ட நடவடிக்கைக் குறிப்பில் 'நிறைவேறியது' என்று மட்டும்தான் வரும், யார் கை தூக்கினார் என்று பெயர் வராது. அதனால் வெளியே யாருக்கும் தெரியாது. வெளியே சொல்லவும் அவளால் முடியாது. உறுப்பினர்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்லக்கூடாது என்பது பணி விதி.

அவளை உறுத்தியது ஒன்றே ஒன்று. அந்தக் கட்டண உயர்வுப் பேச்சு. அதில் மட்டும் 'எதிர்க்கிறேன்' என்று சுத்தமான வாலோடு அச்சாகியிருந்தது. ஓட்டில் இல்லாவிட்டாலும் பேச்சிலாவது ஒருநாள் மனிதர் மனிதராக நின்றிருக்கிறார் என்று அவளும் அரைமனதாக ஒப்புக்கொண்டிருந்தாள்.

இப்படி இருக்கையில்தான் டிப்போ மசோதா வந்தது. நகரத்தின் பழைய பஸ் டிப்போ நிலத்தை விற்க அரசுக்கு அதிகாரம் தரும் மசோதா. நிலத்தோடு சேர்ந்து அதிலிருக்கும் ஒர்க்ஷாப்பும் போய்விடும், அதில் வேலை செய்யும் முந்நூற்றுச் சொச்சம் பேரின் வேலையும் போய்விடும். அந்த முந்நூறில் ஒருவன் அவள் தம்பி. பிரேக் மெக்கானிக். இருபத்திரண்டு வருட சர்வீஸ். அவள் குடியிருந்த கட்டடத்திலேயே மாடியில் மனைவியோடும் இரண்டு பெண்களோடும் இருந்தான். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஆகவே அவளுக்குக் குடும்பம் என்றால் மாடிதான்.

மசோதாவைத் தடுக்க ஒரு வழி இருந்தது. பாதிக்கப்படுகிறவர்கள் நூறு பேர் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஆட்சேப மனு கொடுத்தால், ஒரு குழு அவர்களைக் கூப்பிட்டு விசாரித்த பிறகுதான் மசோதா ஓட்டுக்குப் போக முடியும். மனு இல்லாவிட்டால் நேராக ஓட்டுதான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தம்பி கீழே வந்து, சமையலறையில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மனுவில் எத்தனை கையெழுத்து ஆயிற்று என்று கேட்டாள். மனுவே போடப்போவதில்லை என்றான். ஞாயிற்றுக்கிழமை மனசாட்சி ஒர்க்ஷாப்புக்கே வந்திருந்தாராம். ஒவ்வொருவர் கையையும் பிடித்துப் பேசினாராம், கண் கலங்கினாராம். மனு கினு என்று போனால் கட்சிக்குள் தன் வாய் அடைபட்டுவிடும், தனக்கு இடைஞ்சல் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாராம்.

"சரி, நான் எதிர்த்து ஓட்டுப் போடுவேன்னு சொன்னாரா?"

"சொன்ன மாதிரிதான்."

"மாதிரி எல்லாம் வேண்டாம். வாயால என்ன சொன்னாரு?"

தம்பி யோசித்தான். "பாத்துக்கலாம்னாரு."

அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். பார்த்துக்கலாம் என்றால் யார் பார்த்துக்கொள்வது, அவரா, நீயா, வானத்திலிருந்து யாராவது வருவார்களா என்று பிடிபிடியென்று பிடித்தாள். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்றாள். அக்காவின் இலக்கணப் பாடத்தைச் சின்ன வயதிலிருந்து கேட்டு அலுத்தவன் அவன். சட்டைப் பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்து மேஜைமேல் விரித்தான். ஐந்து வருடத்துக்கு முந்தைய நடவடிக்கைக் குறிப்பின் ஒரு பக்கம். ஒரு வரிக்கு அடியில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்தது. 'இந்தக் கட்டண உயர்வை முழுமையாக எதிர்க்கிறேன்.' ஒர்க்ஷாப் அறிவிப்புப் பலகையில் இதே தாள் ஒட்டியிருக்கிறதாம். இதைப் பார்த்துத்தான் முந்நூறு பேரும் அவரை நம்பினார்களாம்.

"வால், வால்னு உயிரை எடுப்பியே. இந்தா, வால். உங்க ஆபீஸ் புஸ்தகம்தான், உங்க ஆபீஸ் முத்திரைதான். இதுவும் பொய்யா?"

வால் அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரியை மூன்று முறை படித்தாள்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு வேளையில் நிலவறைக்குப் போனாள். ஆறு பேரின் பழைய சுருக்கெழுத்து நோட்டுகளும் தேதி வாரியாக அங்கே இரும்பு அலமாரியில் இருந்தன. அன்றைய ஒலிப்பதிவு மூன்று மாதத்திலேயே அழிந்திருக்கும், அதன் மேலேயே அடுத்ததைப் பதிந்துவிடுவார்கள். நோட்டு மட்டும்தான் சாட்சி. அந்தத் தேதியைத் தேடி எடுத்தாள். அட்டையில் இருந்தது அவளுடைய கையெழுத்து. அவளுடைய முறைதான் அது. பக்கத்தைப் புரட்டினாள். வரியைப் பிடித்தாள். கொக்கி வெளிப்பக்கம் வளைந்திருந்தது.

விளக்குக்குக் கீழே கொண்டுபோய்ப் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். கல்லில் வெட்டியதுபோல் தெளிவாக இருந்தது. எதிர்க்கிறோம். அவர் சொன்னது 'எதிர்க்கிறோம்'. அன்றைய மற்ற நோட்டுகளையும் புரட்டியதும் எல்லாம் கோவையாக விளங்கியது. அன்று காலை வரை அவருடைய கட்சியே, போக்குவரத்துக் கழகம் கேட்ட கட்டண உயர்வை எதிர்த்தது. அவர் எழுந்து கட்சியின் நிலையைத்தான் படித்தார். மத்தியானம் கட்சி மேலிடம் மனம் மாறியது, கட்சியோடு அவர் கையும் மாறியது. இடையில் ஒருத்தி நோட்டை மூடி வைத்துவிட்டுத் தட்டச்சு செய்தாள். வாரம் கழித்துப் புத்தகம் வந்தபோது கட்சி மறந்துபோயிருந்த வாக்கியம், ஒரு தனி மனிதனின் வீரமாக நின்றது. கை சரியாக எழுதியிருக்கிறது, தலைக்கனம்தான் தப்பாக அடித்திருக்கிறது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அவளுக்கு அந்த ஆறுதல் வேண்டியிருக்கவில்லை. வெட்கம் காதுவரை சுட்டது. தன் வினை தன்னைச் சுடும் என்று சொன்னவர் இலக்கண வாத்தியாராகத்தான் இருக்க வேண்டும்.

நோட்டோடு நேராகப் பிரிவுத் தலைவரிடம் போனாள். இரண்டு மாதத்தில் அவர் ஓய்வு பெறுகிறார், அந்த நாற்காலி வால் அக்காவுக்கு என்று எல்லோருக்கும் தெரியும். அவர் கொக்கியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"அஞ்சு வருஷம் ஆச்சும்மா. பிழை பாக்கச் சொல்லி அனுப்பின படியில அவரே கையெழுத்துப் போட்டுட்டாரு. இப்ப யாரு வந்து கேட்டா?"

"என் தம்பி கேட்டான்."

திருத்தச் சீட்டு என்று ஒன்று உண்டு, அதைக் கேட்டாள். அச்சான குறிப்பில் பிழை இருந்தால், பிழை செய்தவர் பெயரோடு அதை அச்சிட்டு அந்தப் பக்கத்தில் ஒட்டுவார்கள். அவர் பிரிவில் சேர்ந்த பிறகு ஒருவரும் கேட்டதில்லை. சீட்டு வந்தால் நாற்காலி வராது என்பதை அவர் சுற்றி வளைத்துச் சொன்னார். வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழியை நீங்களே உடைக்காதீர்கள் என்று கெஞ்சாத குறை. அவள் படிவத்தை வாங்கி அங்கேயே நின்றுகொண்டு நிரப்பினாள்.

விதிப்படி உறுப்பினருக்கும் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை காலை அவர் அறைக்குப் போனாள். மனிதர் எழுந்து நின்று வரவேற்று நாற்காலி போட்டார். நோட்டைக் காட்டிக் கொக்கியை விளக்கினாள். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்திருந்தாள். அவரோ குனிந்து அந்தக் கோடுகளைப் பார்த்தார். கையெழுத்துப் போடும்போதே ஒரு நெருடல் இருந்தது என்றும், ஆனால் படிக்க நன்றாக இருந்ததால் விட்டுவிட்டதாகவும் சொன்னார். பிறகு ஊரே புகழ்ந்ததில், அப்படித்தான் சொன்னோம் என்று அவருக்கே ஞாபகமாகிவிட்டதாம்.

"அதுக்கப்புறம்தாம்மா எனக்குன்னு ஒரு மனசு இருக்குன்னே தெரிஞ்சுது. டிப்போ விஷயத்துல கட்சி பண்றது தப்பு. நான் நிஜமாத்தான் சொல்றேன். ராத்திரி தூக்கம் வரல."

அவர் நடிக்கவில்லை என்பது வால் அக்காவுக்குத் தெரிந்தது. குரல்களைக் கேட்டே வயசானவள் அவள். அவருக்கும் கட்சிக்கும் உண்மையிலேயே கருத்து வேறுபாடு இருந்தது. உள்ளே, பத்திரமாக, யாருக்கும் தொந்தரவில்லாமல் இருந்தது. அவர் பொய்யர் என்று நினைத்துக்கொண்டிருந்தது தப்பு என்று தோன்றியது, கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. ஆகவே விதியை அரை அடி தாண்டி ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப மசோதா ஓட்டுக்கு வந்தா கை தூக்க மாட்டீங்களா, ஐயா?"

அவர் மேஜைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தார்.

"பாக்கலாம்மா" என்றார்.

வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு டிப்போவுக்குப் போனாள். சாப்பாட்டு நேரம். பழுதுபார்க்கும் பள்ளத்துக்கு மேல் நின்ற ஒரு பஸ்ஸின் முன் சக்கரங்கள் கழற்றிக் கிடந்தன. டீசல் வாடை, மரப்பெஞ்சுகளில் தூக்குப் பாத்திரங்கள். தம்பி அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். புதன்கிழமை சாயங்காலமே அவனிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். அவன் நம்பவில்லை, என்னை ஜெயிக்க எந்த எல்லைக்கும் போவாய் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனவன்தான்.

மன்றத்தில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்திருக்கிறாளே தவிர, நின்று பேசியது ஒருநாளும் இல்லை. அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். உறுப்பினரைப் பற்றித்தான் பேசத் தடை, தன்னைப் பற்றிப் பேசத் தடை இல்லை என்பதை வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்திருந்தாள். இன்னார் அக்கா என்று சொன்னாள். பலகையில் ஒட்டியிருந்த தாளில் விரலை வைத்தாள்.

"இதை எழுதினது நான். இங்க 'எதிர்க்கிறேன்'னு இருக்கு. அவரு சொன்னது 'எதிர்க்கிறோம்'. அன்னிக்குக் காலையில அவரோட கட்சி எதிர்த்துது, கட்சி சார்பா சொன்னாரு. நோட்டுல சரியா எழுதிட்டு, நோட்டைப் பாக்காம டைப் அடிச்சேன். இந்த 'ஏன்' அவரோடது இல்ல. என்னோடது."

நோட்டைப் பெஞ்சின் மேல் விரித்து வைத்தாள், திருத்தப் படிவத்தின் நகலையும் வைத்தாள். ஒரு வெல்டர் எழுந்து, அப்படியானால் அவர் நமக்கு எதிரியா என்று கேட்டார்.

"அது எனக்குத் தெரியாதுங்க, சொல்லவும் கூடாது. என்ன சொன்னாருன்னு மட்டும்தான் சொல்ல முடியும். 'நான் எதிர்க்கிறேன்'னு அந்த மன்றத்துல இதுவரைக்கும் ஒரு தடவைகூட அவரு சொன்னதில்ல."

சிலர் அவளைத் திட்டினார்கள். ஒரு எழுத்தைச் சரியாக அடிக்கத் தெரியாதவர்களுக்கு அரசாங்க வேலை ஒரு கேடா என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அவள் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. குனிந்தால் தம்பியைப் பார்க்க முடியாது. அவன் எழுந்து வந்தான். படிவத்தின் அடியில் இருந்த அக்காவின் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அந்தக் கையெழுத்துக்காக அவள் பிரிவுத் தலைவர் நாற்காலியையே விட்டுக்கொடுத்தாள் என்று அந்த முந்நூறு பேரில் அவனுக்கு மட்டும்தான் தெரியும். பிறகு அறிவிப்புப் பலகையிலிருந்து அந்தத் தாளைக் கிழித்தான். அதன் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதிலேயே மேலே 'நாங்கள் எதிர்க்கிறோம்' என்று எழுதி, முதல் கையெழுத்தைப் போட்டான். கையெழுத்துக்குப் பக்கத்தில் கிரீஸ் விரல் பதிந்தது. நாலரை மணிக்கு மனு, நூற்றெண்பத்தாறு கையெழுத்தோடு கவுன்ட்டரில் இருந்தது.

குழு ஆறு வாரம் விசாரித்தது. தம்பியும் போய்ச் சாட்சி சொன்னான். நகரத்தில் வேறெங்கும் இத்தனை பஸ்களுக்கு பிரேக் பார்க்க இடமில்லை என்பதைக் குழு கணக்குப் போட்டுப் பார்த்து, ஒர்க்ஷாப் இருக்கும் பகுதியை மசோதாவிலிருந்து நீக்கிவிட்டது. முந்நூறு பேரும் வேலையில் நின்றார்கள். இதற்குள் திருத்தச் சீட்டு அச்சாகி, ஐந்து வருடத்துக்கு முந்தைய புத்தகத்தில் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருந்தது. யார் யாரோ பேசியதை எல்லாம் சுமந்து நிற்கும் அத்தனை புத்தகங்களில் வால் அக்காவின் பெயர் இருப்பது அங்கே மட்டும்தான். பிரிவுத் தலைவர் நாற்காலி அவளைவிட ஒன்பது வயது இளையவருக்குப் போயிற்று. முதல் நாள் அவருக்கு மாலை போட்டவள் அவள்தான். வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். இரண்டு நாள் யாரிடமும் பேசாமல் இருந்தாள், மூன்றாம் நாள் சரியாகிவிட்டாள்.

திருத்திய மசோதா மன்றத்துக்கு வந்த நாளில் அவள் முறை வந்தபோது, மனசாட்சி பேச எழுந்தார். அன்று அவர் குரலுக்குத் தனிக் களை. கட்சியே இப்போது ஒர்க்ஷாப்பை விட்டுவைப்பதாகச் சொல்லிவிட்டது, ஆக எந்தப் பக்கமும் ஆபத்து இல்லை. தொழிலாளர்களின் கண்ணீரைச் சொன்னார், தன் தூங்காத இரவுகளைச் சொன்னார். பிறகு நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: "இந்தப் பணிமனைக்காக நான் போராடினேன். தனி ஆளாக நின்று எதிர்த்தேன்." வலப்பக்கம் முழுவதும் மேஜையைத் தட்டியது. வால் அக்கா நிமிரவில்லை. பென்சில் முனை ஒடிகிற மாதிரி அழுந்தியது, ஒடியவில்லை.

அறைக்குப் போய் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு தட்டச்சு செய்தாள். இரண்டு கொக்கிகளையும் ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். இரண்டும் உள்பக்கம்தான் வளைந்திருந்தன. அவர் சொன்னது சொன்னபடி அச்சுக்குப் போயிற்று.

புத்தகம் வெளியான வாரம், தம்பி மாடியிலிருந்து இறங்கி வந்தான். ஒர்க்ஷாப்பில் யாரோ அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். மேஜைமேல் வைத்து, 'எதிர்த்தேன்' என்ற சொல்லின் கடைசி எழுத்தில் விரலை வைத்து, அக்காவின் முகத்தைப் பார்த்தான்.

"இதுவும் உன் தப்புதானா அக்கா?"

"இல்லடா" என்றாள். "இது அவரே சொன்னது."